நெகட்டிவ் செண்பகவல்லி

மஞ்சளாகிவிடு கண்ணு, மஞ்சளாகிவிடு என்று என் ரத்தத்தை நானே கொஞ்சிக்கொண்டிருக்கிறேன். இத்தனை வருஷமாக ஊரார் ரத்தத்தைப் பார்த்துச் சொன்னவள், பிள்ளை உண்டாகியிருக்கிறதா என்று பார்க்க வருகிற பெண்களைத் தவிர ஒருத்தருக்கும் பாசிட்டிவ் வரட்டும் என்று நினைத்ததில்லை. இன்றைக்கு எனக்கே வரட்டும் என்று நினைக்கிறேன். அதுவும் எது, ஹெர்பிஸ். கோவில்பட்டியில் பாதிப் பேருக்கு அந்தப் பெயர் தெரியாது, தெரிந்த பாதிப் பேர் அது எய்ட்ஸுக்குப் பக்கத்து வீடு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இன்குபேட்டர் கதவைச் சாத்தியாயிற்று. உள்ளே பணியாரச் சட்டியைக் குட்டியாக்கின மாதிரி ஒரு பிளாஸ்டிக் தட்டு, வரிசையாகக் குழிகள். முதல் குழிகளில் ஒப்பிட்டுப் பார்க்க டெஸ்ட் கிட்டோடு வந்த மருந்துகள், அடுத்த இரண்டில் வெளியே பெஞ்சில் இருக்கிற பொன்சுதாவின் ரத்தம், அதற்கடுத்த இரண்டில் என் ரத்தம். ஒன்றில் ஃப்ரீசரில் கிடந்த பழையது, இன்னொன்றில் சற்று முன்னால், லேபில் என்னோடு வேலை பார்க்கிற ஃபிலோமினா என் கையிலிருந்து எடுத்த புதுசு. கொஞ்ச நேரம் இந்தச் சூட்டில் இருக்கட்டும், பிறகு கழுவி அடுத்த மருந்து, பிறகு மறுபடியும் கழுவி நிறம் வருகிற மருந்து. கடைசியில் நல்ல மஞ்சள் என்றால் இருக்கிறது, வெள்ளை என்றால் இல்லை. ரெண்டுங்கெட்டானாக வெளிறின மஞ்சள் வந்தால்தான் வம்பு. நானும் அந்தப் பெண்ணும் காலையிலிருந்து அந்த வம்பில்தான் நிற்கிறோம். கையை மடக்கியே வைங்கக்கா என்று ஃபிலோமினா சொல்லிவிட்டுப் போனாள். ஊருக்கெல்லாம் நான் சொல்கிற வார்த்தை. மடக்கித்தான் வைத்திருக்கிறேன், பஞ்சு உள்ளே உறுத்துகிறது, அந்த உறுத்தல்கூட நன்றாகத்தான் இருக்கிறது.

பொன்சுதாவுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகவில்லை. மாப்பிள்ளை கப்பலில் சமையல்காரர். அவர் கப்பலேறின பிறகுதான் உண்டாகியிருப்பதே தெரிந்ததாம், மூன்றாம் மாசம் கலைந்துவிட்டது. ஏன் கலைந்தது என்று பார்க்க டாக்டர் தமயந்தியம்மா எழுதின டெஸ்ட் கட்டோடு இதுவும் ஒன்றாகச் சேர்ந்து வந்துவிட்டது. மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது, இது மட்டும் வாலாட்டுகிறது. நான் பாசிட்டிவ் என்று ஒரு வார்த்தை அச்சடித்துக் கொடுத்தால் அதை மாமியார் போட்டோ எடுத்து மகனுக்கு அனுப்புவாள், காலையிலேயே அதற்காகத்தான் போனில் சார்ஜ் போட இடம் கேட்டாள். பிறகு எங்கேயிருந்து வந்தது என்ற ஒரே கேள்விதான். அவர் கப்பலிலிருந்து இவளைக் கேட்பார், இவள் கரையிலிருந்து அவரைக் கேட்பாள், மாமியார் நடுவில் உட்கார்ந்து இவளை மட்டும் கேட்பாள். அந்தப் பெண் காலையில் கையை நீட்டும்போது ஊசியைப் பார்க்கவில்லை, சுவரில் ஒட்டியிருக்கிற குழந்தைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் படத்தை ஒட்டினவள் நான்தான். ஏன் ஒட்டினேன், இந்த லேபுக்குக் குழந்தை வேண்டாதவர்களும் வருகிறார்கள், குழந்தை போனவர்களும் வருகிறார்கள். மருந்துக் கம்பெனிக்காரர் இலவசமாகக் கொடுத்தார் என்று ஒட்டினேன். நாளைக்கு அதைக் கிழித்துவிட்டு ஒரு பூப் படம் ஒட்ட வேண்டும். நாளைக்கு எதற்கு, இன்றைக்கே.

கிட்டோடு ஒரு நெகட்டிவ் மருந்து வரத்தான் செய்யும். எனக்கு அது போதாது. அவர்கள் கொடுத்த தராசை அவர்கள் கொடுத்த படிக்கல்லை வைத்துச் சரிபார்ப்பதில் என்ன இருக்கிறது? நமக்கு நிச்சயமாகத் தெரிந்த, ஒன்றுமே இல்லாத ஒரு ரத்தம் கூடவே ஓட வேண்டும், அதில் நிறம் வந்தால் கிட்டில் ஏதோ கோளாறு என்று தெரிந்துவிடும். அதற்கு எத்தனையோ வருஷத்துக்கு முன்னால் என் ரத்தத்தை எடுத்துச் சின்னச் சின்னக் குப்பிகளில் பிரித்து, நெகட்டிவ் என்று எழுதி ஒட்டி ஃப்ரீசரில் போட்டேன். தீர்ந்தால் மறுபடியும் எடுப்பேன். ஃபிலோமினா அதற்கு வைத்த பெயர் நெகட்டிவ் செண்பகவல்லி. ஏன் என் ரத்தம் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. கல்யாணம் ஆகாதவள், லேபை விட்டால் வீடு, வீட்டை விட்டால் சாயந்திரம் கதிரேசன் மலைப் பக்கம் ஒரு நடை, இவளுக்கு எங்கேயிருந்து வரும்? வாய்விட்டுச் சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்த விஞ்ஞானம் அது. டெஸ்ட் படித்தவள் நான், டெஸ்ட் பண்ணாமலே என் மேல் லேபிள் ஒட்டியிருக்கிறேன். பழைய கிட் இருந்தவரைக்கும் அந்த லேபிளுக்கு ஒரு குறையும் வரவில்லை, வெள்ளை வெளேரென்று இருப்பேன். பார்க்கப் பெருமையாகக்கூட இருக்கும், என்ன பெருமையோ. பாவம், தனியாக இருக்கிறாள் என்று சிலர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு என்னைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பாக வரும். ஞாயிற்றுக்கிழமை அயிரை மீன் குழம்பு வைத்து, சட்டியில் ஒட்டினதைச் சோறு போட்டுப் பிசைந்து, யாருக்கும் எடுத்துவைக்காமல் நானே சாப்பிடுவேன். கட்டில் முழுக்க எனக்குத்தான், குறுக்கே படுப்பேன். எனக்கு இந்த வாழ்க்கை பிடித்திருக்கிறது. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை என்பது ஒன்றுதான் குறை, அது அவர்கள் குறை.

பழைய கிட் கிடைக்கவில்லை என்று இந்த மாசம் வேறு கம்பெனி கிட் வந்தது. அதில் இன்று காலைதான் முதல் ஓட்டம். ஒன்றுக்குக் கீழே இருந்தால் இல்லை, ஒன்றைக் கொஞ்சம் தாண்டினால் இருக்கிறது என்று உள்ளே வைத்த காகிதம் சொல்கிறது. பொன்சுதாவுக்கு ஒன்று புள்ளி மூன்று. ஐயோ என்று இருந்தது. அடுத்த வரியைப் பார்த்தால் நெகட்டிவ் செண்பகவல்லிக்கு ஒன்று புள்ளி நாலு. அவளைவிட நான் ஒரு படி மேலே! குப்பி மாறிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். ஃப்ரீசரை இழுத்துப்போட்டுப் பார்த்தேன், மாறவில்லை. ஃபிலோமினா எட்டிப் பார்த்தாள். "யாருக்கா அந்த ஆளு? எங்கிட்டகூடச் சொல்லலையே!" என்றாள். போடி, புது ரத்தம் எடு, மறுபடியும் ஓட்டுவோம் என்று கையை நீட்டினேன். விளையாட்டாகத்தான் நீட்டினேன். ஊசி உள்ளே போனபோதுதான் உறைத்தது. புது ரத்தத்திலும் நிறம் வந்தால் என்ன அர்த்தம், வராவிட்டால் என்ன அர்த்தம்? வராவிட்டால் காலையில் என் கைதான் எங்கேயோ தப்புப் பண்ணியிருக்கிறது, அந்தப் பெண்ணுக்கு மறுபடியும் ஒன்று புள்ளி மூன்று வந்தால் அவளுக்காகச் சொல்ல என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. வந்தால், இந்தக் கிட் ஒன்றுக்குக் கொஞ்சம் மேலே போய் நின்றுகொண்டு பொய் சொல்லும் என்பதற்கு நானே சாட்சி. அதனால்தான் கெஞ்சுகிறேன். மஞ்சளாகிவிடு கண்ணு.

கழுவுகிற நேரம். பஞ்சு வைத்த கையை மடக்கினபடியே, மற்றக் கையால் தட்டைக் கவிழ்த்துத் தட்டி, தண்ணீர் விட்டு, மறுபடியும் கவிழ்த்துத் தட்டி, டிஷ்யூ காகிதத்தில் ஒற்றி எடுக்கிறேன். இந்தக் கழுவலில் சோம்பல்பட்டால் போதும், இல்லாத நோயெல்லாம் வரும். காலையில் சோம்பல்பட்டேனா? இல்லை. படவில்லை. பட்டேனோ? பெஞ்சில் கோமதியம்மாள் இருமுகிறாள், அதுதான் மாமியார். ஜன்னல் இடைவெளியில் அவள் முகம் தெரிகிறது. கீழுதட்டில் கொத்தாகக் கொப்புளம், அதன் மேல் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு வந்திருக்கிறாள். என்னம்மா அது என்று காலையில் கேட்டதற்குப் பல்லி எச்சம் பட்டுட்டு என்றாள். பல்லியாவது எச்சமாவது. ஹெர்பிஸில் இரண்டு பேர் உண்டு, அக்காளும் தங்கச்சியும். அக்காள் பெரும்பாலும் வாயோரத்தில் குடியிருப்பாள், ஊரில் முக்கால்வாசிப் பேருக்குச் சின்னப் பிள்ளையிலேயே யாரோ கொஞ்சிக் கொடுத்த முத்தத்தில் வந்திருப்பாள். தங்கச்சிதான் கீழே வருகிறவள், அவளைத்தான் எல்லாரும் அசிங்கம் என்கிறார்கள். கோமதியம்மாள் அக்காளை உதட்டில் சுண்ணாம்போடு ஏந்திக்கொண்டு, மருமகளுக்குத் தங்கச்சி இருக்கிறாளா என்று தெரிந்துகொள்ள உட்கார்ந்திருக்கிறாள். எனக்கும் அக்காள் உண்டு. சின்ன வயதில் காய்ச்சல் விட்டதும் உதட்டில் வெடிக்கும், வெடிச்சிட்டு, இனி பயமில்ல என்று அம்மா நிம்மதியாகிவிடுவாள். எங்கள் வீட்டில் அது வியாதியே இல்லை, வியாதி போன அடையாளம். இந்த இரண்டு பேருக்கும் முகச்சாயல் ஒன்று. அக்காளுக்காக உடம்பு செய்து வைத்திருக்கிற எதிர்ப்பைப் பார்த்துச் சில கிட் தங்கச்சி என்று நினைத்துவிடும், அப்போதுதான் இந்த ஒன்று, ஒன்றேகால் எல்லாம் வரும். நிஜமாகத் தங்கச்சி இருக்கிறவர்களுக்குப் பெரும்பாலும் நாலு, அஞ்சு என்று எண் குதிக்கும். ஆனால் புதிதாக வந்திருந்தால்? அப்போதும் ஆரம்பத்தில் இப்படி மெலிசாகத்தான் இருக்கும். இதோ இங்கேதான் மாட்டிக்கொள்கிறேன். எத்தனை தடவை சுற்றி வந்தாலும் இங்கேதான். என் கதை எனக்குத் தெரியும், அந்தப் பெண்ணின் கதை எனக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. ரத்தத்துக்கும் தெரியாது. எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று எந்த ரத்தமும் சொல்லாது, ஆனால் எல்லாரும் ரத்தத்திடம் அதைத்தான் கேட்கிறார்கள்.

என் கதை எனக்குத் தெரியும் என்றேனே, தெரியுமா? இரண்டாம் மருந்தை ஊற்றி உள்ளே வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன், இப்போது அது வந்து எதிரில் நிற்கிறது. மதுரையில் லேப் படிப்புப் படித்தபோது சற்குணம் என்று ஒருவர், எனக்கு ஒரு வருஷம் மூத்தவர். அந்தக் கட்டடத்தில் ரத்த பாட்டில்கள் வைக்கிற குளிர் அறை ஒன்று இருந்தது. மே மாச வெயிலில் எல்லாரும் ஏதாவது சாக்குச் சொல்லி அதற்குள் போய் நிற்போம். ஒருநாள் நான் போனபோது அவர் நின்றுகொண்டிருந்தார். அவர் மூச்சு வெள்ளையாகப் புகைந்து வந்தது, அதைப் பார்த்து நான் சிரித்தேன், சிரித்துக்கொண்டிருக்கும்போதே முத்தம் கொடுத்துவிட்டார். நானும் கொடுத்தேன், பொய் எதற்கு. உதடு ஐஸாக இருந்தது. பிறகு கதவைத் திறந்துகொண்டு யாரோ வந்தார்கள், நான் ஒரு பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன், எந்தப் பாட்டில் என்றுகூடத் தெரியாது. அவ்வளவுதான். படிப்பு முடிந்ததும் அவருக்கு ஓசூரில் வேலை, எனக்கு இங்கே, உன் வேலையை விட்டுவிட்டு என்னோடு வா, கல்யாணம் பண்ணிக்கொள்வோம் என்றார். நீங்கள் விட்டுவிட்டு வாருங்கள் என்றேன். அவர் சிரித்தார், நான் சிரிக்கவில்லை. இப்போது விருதுநகரில் இருக்கிறாராம், பிள்ளைகள் பெரிதாகிவிட்டார்களாம். வருத்தமா என்று உள்ளே கையை விட்டுத் துழாவிப் பார்க்கிறேன், இல்லை. அந்தக் குளிர் மட்டும் இருக்கிறது, நல்ல குளிர். அந்த முத்தத்தில் அக்காள்தான் வந்திருக்க முடியும், தங்கச்சி அதற்கெல்லாம் வருகிற ஆள் இல்லை. அதிலும் எனக்கு அதற்கு முன்னாலேயே அக்காள் உண்டு. அப்படியென்றால் நான்தான் அவருக்குக் கொடுத்திருப்பேன்! சற்குணம் உதட்டில் காய்ச்சலுக்குக் காய்ச்சல் கொப்புளம் வெடிக்கிறதோ என்னவோ, அவர் வீட்டம்மா பல்லி எச்சம் என்று சுண்ணாம்பு தடவுகிறாளோ என்னவோ. ஸ்டூலில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன். ஃபிலோமினா திரும்பிப் பார்த்தாள். "ஒண்ணுமில்லடி" என்றேன்.

ஆனால் நான் இதை யாரிடமாவது சொல்ல வேண்டி வரும். இன்னொருத்தருக்கும் இதே கிட்டில் இப்படித்தான் வந்தது என்று நான் சொன்னால், யார் அது என்று கேட்பார்கள். கேட்கிறவர்கள் கோவில்பட்டிக்காரர்கள், நாளைக் காலையில் பூக்கடையில் தெரியும், மத்தியானம் பஸ் ஸ்டாண்டில் தெரியும். லேப் அக்காவுக்கு அந்த வியாதியாம். முதுகுக்குப் பின்னால் குசுகுசுப்பார்கள். ஊசி போடக் கையை நீட்டுகிறவர்கள் என் கையைப் பார்த்து ஒரு நொடி தயங்குவார்கள். பயமாகத்தான் இருக்கிறது. இத்தனை வருஷம் நெகட்டிவ் செண்பகவல்லியாக இருந்ததில் ஒரு சுகம் இருந்திருக்கிறது, அது போய்விடுமே என்று இருக்கிறது. யார் என்று சொல்லாமல் ஒரு பேஷண்ட் என்று சொல்லிவிட்டால் என்ன? சொல்லலாம். அப்படிச் சொன்னால் கோமதியம்மாள் என்ன நினைப்பாள், இவளை மாதிரி இன்னொருத்தி என்று நினைப்பாள். இரண்டு பேரையும் சேர்த்து ஒரே சாக்கில் போட்டுக் கட்டுவாள். அது உதவாது.

கடைசிக் கழுவல். நிற மருந்தை ஊற்றினேன், முதலில் நீலம்தான் வரும், கடைசி மருந்தில்தான் அது மஞ்சளாகும். கிட்டின் பாசிட்டிவ் குழி உடனே நீலமாகப் பொங்கியது. அதன் நெகட்டிவ் அப்படியே தண்ணீராக நின்றது. பொன்சுதாவின் குழிகளில் ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை, பிறகு துணிக்கு நீலம் போட்ட கடைசித் தண்ணீர் மாதிரி ஒரு சாயல். என் குழிகள்? குனிந்து பார்க்கிறேன், என் நிழலே விழுந்து மறைக்கிறது. தள்ளி நின்று பார்க்கிறேன். வா, வா. எத்தனை பேர் இந்தக் குழி வெள்ளையாக இருக்க வேண்டும் என்று நேர்ந்துகொண்டிருப்பார்கள். நான் ஒருத்திதான் தலைகீழாக நிற்கிறேன். வந்தது. பழைய ரத்தத்திலும் வந்தது, புது ரத்தத்திலும் வந்தது, அதே வெளிறின சாயல். நிறுத்துகிற மருந்தை விட்டேன், நாலு குழியும் ஒன்றுபோல இளமஞ்சளாயின, எலுமிச்சைச் சாறு சிந்தின மாதிரி. மெஷினில் வைத்தேன். பொன்சுதா ஒன்று புள்ளி இரண்டு, ஒன்று புள்ளி மூன்று. நான் இரண்டிலும் ஒன்று புள்ளி மூன்று. அம்மாடி என்று உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷமாக இருந்தது. வாழ்க்கையில் முதல் பாசிட்டிவ், கைதட்டலாம் போல இருந்தது.

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். எண்ணைச் சொன்னேன், என் எண்ணையும் சொன்னேன். "உங்க ரத்தமா செண்பகம்?" என்றார். ஆமாம்மா என்றேன். "அப்ப பாசிட்டிவ்னு அடிக்காதீங்க. உறுதியாச் சொல்ல முடியாதுன்னு போடுங்க. வேற முறையில பாக்குற பெரிய லேபுக்கு அனுப்புவோம், சில வாரம் கழிச்சு மறுபடியும் ஒண்ணு எடுப்போம். அந்தப் பொண்ணுக்குப் புண்ணு கிண்ணு எதுவும் கிடையாது, இருந்தா அதையே தொட்டு எடுத்துப் பாத்திருக்கலாம். இதை நான் எழுதியிருக்கவே வேண்டாம், கட்டோட சேந்து வந்துட்டு. கரு கலைஞ்சதுக்கும் இதுக்கும் முடிச்சுப் போட வேண்டாம்னு நான் பேசுறேன், சாயந்திரம் வரச் சொல்லுங்க" என்றார். நல்ல மனுஷி. போனை வைக்கும்போது, "நீங்களும் உங்களைப் பாத்துக்கங்க" என்றார். எனக்கும் நிஜமாகவே இருக்கலாம் என்று நினைக்கிறார் என்று புரிந்தது, கோபம் வரவில்லை.

வெளியே வந்து பொன்சுதாவிடம் தனியாகப் பேசலாமா என்றேன். அவள் எழுந்திருக்குமுன் கோமதியம்மாள் எழுந்துவிட்டாள். "எனக்குத் தெரியாம என்னம்மா பேச்சு? எம் மருமவதான, சொல்லுங்க" என்றாள். பொன்சுதாவைப் பார்த்தேன். "சொல்லுங்கக்கா, அத்தையும் கேக்கட்டும்" என்றாள். சொன்னேன். இந்த ஒரு டெஸ்ட் மட்டும் எல்லைக்கோட்டில் நிற்கிறது, இருக்கிறது என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது, வெளியூருக்கு அனுப்புகிறோம், இந்தக் கிட்டில் இன்னொருத்தருக்கும் இன்றைக்கு இதே மாதிரிதான் வந்திருக்கிறது, அதனால் இதை நம்ப முடியவில்லை. கோமதியம்மாள் கண்ணைச் சுருக்கினாள். "இன்னொருத்தின்னா அவ யாரு? எப்படிப்பட்டவளோ, யாரு கண்டா?" என்றாள். பொன்சுதா சுவரில் இருக்கிற குழந்தைப் படத்தைப் பார்க்க ஆரம்பித்தாள். நான் மடக்கியே வைத்திருந்த கையை நீட்டினேன். பஞ்சு கீழே விழுந்தது, நடுவில் ஒரு சிவப்புப் பொட்டு. "இந்தா, இவதான்" என்றேன்.

கோமதியம்மாள் பஞ்சைப் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள். கழுத்தைப் பார்த்தாள், தாலி இல்லாத கழுத்து, நெற்றியைப் பார்த்தாள், மறுபடியும் கழுத்துக்கு வந்தாள். ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அவள் முகம் முழுக்க விரிந்தது, சுண்ணாம்பு காய்ந்த உதடு வெடித்துவிடும்போல. "அட, உங்களுக்கேவா? அப்ப மிசினுக்குல்ல கோட்டி பிடிச்சிருக்கு!" என்றாள். அப்படிச் சொல்ல முடியாதும்மா என்று வாயெடுத்தேன். அதற்குள் அவள் போனைக் கையில் எடுத்து வாட்ஸப்பில் மகனுக்குப் பேச ஆரம்பித்துவிட்டாள். "ஏலே, ஒண்ணுமில்லலே, பயப்படாத. லேப் அக்காளுக்கே அப்படித்தான் காட்டுதாம். அவங்க எப்பேர்ப்பட்டவங்க தெரியுமில்ல. மிசினுதான் சரியில்ல. வெளியூருக்கு அனுப்புதாவளாம்." எத்தனையோ வருஷத்துக்கு முன்னால் ஃப்ரீசர் முன்னால் நின்று, இவளுக்கு எங்கேயிருந்து வரும் என்று நான் போட்ட அதே கணக்கு. அதே தப்பு. திருத்தவா என்று நினைத்தேன். பொன்சுதா என்னைப் பார்த்தாள், காலையிலிருந்து முதல் தடவையாக நேராக. அவள் முகத்தில் ரத்த ஓட்டம் திரும்பியிருந்தது. குனிந்து கீழே விழுந்த பஞ்சை எடுத்து என் கையில் வைத்து, "மடக்கிக்கங்கக்கா" என்றாள். மடக்கிக்கொண்டேன். பாக்கியைப் பெரிய லேப் சொல்லட்டும், அதுவரைக்கும் அந்தப் பெண் தூங்கட்டும்.

அவர்கள் படியிறங்கிப் போனதும் குழந்தைப் படத்தைக் கிழித்தேன், பசை விடவில்லை, பாதி கிழிந்தது, மீதியை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். பெரிய லேபுக்குப் போகிற பொன்சுதாவின் ரத்தத்துக்கு ஐஸ் எடுக்க ஃப்ரீசர் கதவைத் திறந்தேன். உள்ளே வரிசையாக நெகட்டிவ் செண்பகவல்லிகள். குளிர் முகத்தில் அடித்தது, என் மூச்சு வெள்ளையாகப் புகைந்தது. கதவைச் சாத்த மனமில்லாமல், சிரித்தபடி அப்படியே நின்றேன். "அக்கா, கரண்ட் பில்லு" என்று ஃபிலோமினா கத்தினாள்.